அவசரத்துக்குப் பின்னால் ஓடியவர்

பல்செட்காரர் ஓடுவதை அந்தத் தெரு முதன்முதலாகப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐந்தேகால் மணிக்கு. பஸ் கிளம்பிக்கொண்டிருந்தால்கூட நடந்தே போய், அது போய்விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவர் நாற்பத்தாறாவது வயதில், ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் ஒன்றும் இல்லாமலும், "அவசரம்! அவசரம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினார்.

மூன்று கதவுகள் திறந்தன. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் ஒரு வாளித் தண்ணீரோடு வாசலில் வந்து நின்றார். மாடிவீட்டு நர்ஸம்மா முதலுதவிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கினார்.

"என்ன சார், யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. அவசரம் ஓடிப்போச்சு!"

"எதுக்கு அவசரம்?"

"நாய்ங்க. நாயோட பேரே அவசரம்தான்!"

எலக்ட்ரீஷியன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வாளித் தண்ணீரைத் தன் வாசலில் இருந்த செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

அந்தப் பெயரை வைத்தது பல்செட்காரரின் மைத்துனன். பெயர் வைத்த கையோடு நாயையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனவனும் அவன்தான். டீச்சருக்கு ஒரே தம்பி. டீச்சர் என்பது பல்செட்காரரின் மனைவி. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். வீட்டில் இருக்கும்போதும் அவர் பேச்சு கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி சுருக்கமாகத்தான் இருக்கும்.

தம்பிக்கு அப்போது இருபத்தேழு வயது. ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை அறையில் இருந்தான். ஐந்து வருஷத்தில் ஆறு வேலை மாறியிருந்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான், நாயோடு. அது பார்க்க அழகாகத்தான் இருக்கும். வெள்ளையும் கறுப்பும் பழுப்புமாக மூன்று நிறம், தோளில் புரளும் காதுகள், சாட்டை மாதிரி ஒரு வால். முயலின் வாசனையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் களைக்காமல் துரத்தவென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த வேட்டை ஜாதி. ஓட்டம் நின்றால் அதற்கு உயிரே நின்றுபோனது போலாகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சு எப்படித் தொடங்கியது என்று பல்செட்காரருக்குப் பிற்பாடு ஞாபகம் வரவில்லை. முடிந்த விதம்தான் மறக்கவில்லை. ஆறாவது வேலையும் போய்விட்டது என்று மைத்துனன் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்புதான் இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? யாருக்குடா நஷ்டம்?" என்று கேட்டுவிட்டார்.

அவன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான். தட்டைக் கழுவி வைத்தான். "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு நாயோடு போனான். டீச்சர் புருஷனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஒன்பது நாள் கழித்து அவன் ஒரு பையும் நாயுமாக வந்து நின்றான்.

"மாமா, கப்பல்ல வேலை கிடைச்சிருக்கு. இன்ஜின் ரூம்ல. பத்து நாள் பயிற்சி. பத்தே நாள் இவளைப் பாத்துக்கங்க. காலைல மட்டும் கொஞ்சம் ஓட விடணும்."

பத்து நாள் முடிந்தபோது ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் வந்தது. பயிற்சி முடிந்து அப்படியே கப்பல் ஏற்றிவிட்டார்களாம். ஒன்பது மாதம் ஆகுமாம்.

"ஒன்பது மாசமா?" என்றார் பல்செட்காரர்.

"ஒரு வருஷத்துல முக்கால்" என்றார் டீச்சர்.

பல்செட்காரரின் தொழிற்கூடம் வீட்டின் முன்னறைதான். ஊரில் உள்ள பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சை அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டரை ஊற்றி, தாடை உருவத்தை எடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பல்லைப் பல்லாகப் பதிப்பார். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், முதுகை வளைக்காமல் நாற்காலியில், ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருப்பார். அவர் உடம்பில் அசைவது இரண்டு கையும் கண்ணும்தான். அந்த மனிதரையும் அந்த நாயையும் ஒரே வீட்டில் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

முதல் வாரத்தில் அது ஒரு மெத்தையை ஒரு கை பார்த்தது. கணக்கு நோட்டுகள் முப்பத்திரண்டைக் கிழித்தது. "மிஸ், என் நோட்டை நிஜமாவே நாய் தின்னுடுச்சா?" என்று ஒரு வகுப்பே டீச்சரிடம் ஆனந்தமாகக் கேட்டது. பிறகு ஒரு மத்தியானம், பல்செட்காரர் கை கழுவப் போன இடைவெளியில், மேஜை மேல் இருந்த மெழுகு செட் ஒன்றைப் பல்லோடு விழுங்கிவிட்டது. ஒரு பாட்டு வாத்தியாருடைய மேல் வரிசை. சனிக்கிழமை அவருக்குக் கச்சேரி.

நாயை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் மிருக டாக்டரிடம் போனார்கள். அந்த அம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தனை பல்லு?"

"பதினாலு" என்றார் பல்செட்காரர்.

"ரெண்டு நாள்ல பதினாலும் வெளியே வந்துடும். எண்ணிப் பாத்துக்கங்க. நாய்க்கு வியாதி எதுவும் இல்ல. வேலை இல்ல, அதான் வியாதி. தினமும் ரெண்டு மணி நேரம் ஓடணும்."

"யாரு, நாயா?"

"கயிறோட அந்தப் பக்கம் நாய். இந்தப் பக்கம் நீங்க."

டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். பாட்டு வாத்தியாருக்கு இன்னொரு செட் செய்வதற்குள் பல்செட்காரருக்கு விரல் நோவெடுத்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்புக்காகவே மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்துகொண்டார்.

எழுந்து, ஓட முயன்று, கயிறு கையைவிட்டுப் போய், தெருவையே கூட்டியதுதான் முதலில் சொன்ன செவ்வாய்க்கிழமை. அன்று இரண்டு தெரு தள்ளி இருந்த பால் கடை வாசலில்தான் அது கிடைத்தது. யாரும் பிடித்து வைக்கவில்லை. அதுவாகவே, படியோரம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"நீங்க யாரு சார்?" என்றார் பால் கடைக்காரர். "இவளோட ஆளு எங்க? மூணு வாரமா காணோம்?"

"கப்பலுக்குப் போயிருக்கான். என் மைத்துனன்தான்."

"அப்படியா! சொல்லவே இல்லையே. தினமும் அஞ்சே காலுக்கு வருவாரு. லாரி வந்ததும் கேனெல்லாம் இறக்கிக் கொடுத்துட்டுத்தான் போவாரு. எனக்கு முதுகு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அவருதான். வேண்டாம்னாலும் கேக்க மாட்டாரு."

பல்செட்காரர் தரையில் கிடந்த கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். பின்னால் லாரி வந்து நின்றது. கடைக்காரர் அதைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். வேறு வழியில்லை. இவர் இரண்டு கேன் இறக்கினார். மூன்றாவதுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அவர் நாயைத் தன் இஷ்டத்துக்கு இழுக்கவில்லை. அது போன பாதையிலேயே போனார். இழுத்தால் மட்டும் வந்துவிடப் போகிறதா? அந்த மூக்குக்கு ஒரு வரைபடம் இருந்தது. பால் கடை முடிந்ததும் இறக்கத்தில் ஓட்டம், பழைய மில் மதிலோரமாகப் பாய்ச்சல், அப்புறம் செடி விற்கும் நர்சரி. அங்கே கம்பிக் கதவுக்கு முன்னால் போய் அது ஒரு தடவை ஊளை மாதிரி நீளமாகக் குரல் கொடுக்கும். நர்சரிக்கார அம்மா சாவியோடு வருவார். அந்தப் பூட்டு துருப்பிடித்தது, அந்த அம்மாவின் விரல்களோ மூட்டுவாதத்தில் கோணிப்போனவை. பூட்டைத் திறந்து கொடுப்பது மைத்துனனின் வேலையாக இருந்திருக்கிறது. மூன்று வாரமாக அந்த அம்மா கதவைப் பூட்டுவதையே விட்டுவிட்டாராம். மறுநாளிலிருந்து சாவி பல்செட்காரர் கைக்கு வந்தது.

நர்சரியைத் தாண்டினால் ரயில்வே கேட். கேட் கீப்பர் வாயே திறக்காத மனிதர். இந்த நாயிடம் மட்டும் பேசுவார். "வந்தியா, உன் தோஸ்து எங்கடி?" என்று அதன் காதைப் பிடித்துக் கேட்பார். மைத்துனன் அங்கே என்ன செய்வான் என்று முதல் தடவை போனபோதே பல்செட்காரர் கேட்டார்.

"ஒண்ணும் செய்ய மாட்டாரு. ஆறு மணி வண்டி போற வரைக்கும் இந்தக் கல்லுல உக்காந்திருப்பாரு" என்றார் கேட் கீப்பர். "ராத்திரி பூரா தனியா இருக்கேன் இல்ல. அதுக்காக."

அன்று பல்செட்காரர் அந்தக் கல்லில் உட்கார்ந்தார். ஆறு மணி வண்டி போனது. ஜன்னலோரம் தூங்கி வழியும் முகங்கள் வரிசையாகப் போயின. வேலை போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்ன அந்த முகம் நினைவுக்கு வந்தது. 'யாருக்குடா நஷ்டம்' என்று கேட்ட தன் குரலும் கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்து டீச்சரிடம் இதைச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. "பால் கடைக்காரர் விசாரிச்சாரு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மாதங்கள் ஓடின. அவரும் ஓடினார். முதலில் மில் மதில் வரைக்கும் மூச்சு வாங்கும். பிறகு நர்சரி வரை. மழைக்காலம் முடிவதற்குள் கேட் வரைக்கும் நிற்காமல் ஓடினார். பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிற்று. அவசரம் பகலில் வேலை மேஜைக்கு அடியில், அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கப் பழகிவிட்டது. அவர் சாணை இயந்திரத்தில் பல்லைப் பளபளப்பாக்கும்போது அதன் காது மட்டும் ஒரு தடவை துடிக்கும். அந்த வருஷங்களை நினைக்கும்போது இப்போதும் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கனம்தான், பாதத்தின் மேல் இருந்த அந்த வெதுவெதுப்பான கனம்.

ஒன்பது மாதம் போய், மைத்துனன் இன்னொரு கப்பல் ஏறினான். "நடுவுல விட்டா திரும்பக் கிடைக்காதுக்கா" என்று போனில் சொன்னான். டீச்சர் போனை வைத்துவிட்டு, சுவரில் இருந்த காலண்டரின் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

அந்த இரண்டாவது வருஷத்தில்தான் அது தொலைந்தது.

ரயில்பாதைக்கு அப்பால் ஒரு முள்காடு. வீட்டுமனைக்கென்று கல் நட்டு, அப்படியே கைவிட்ட நிலம். ஒரு சனிக்கிழமை காலை அந்த ஓரமாகப் போகும்போது அவசரம் திடீரென்று நின்றது. ஒரு கால் மடங்கித் தூக்கியபடி இருந்தது, மூக்கு மட்டும் நடுங்கியது. அடுத்த நொடி கயிறு அவர் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. முன்னால் ஏதோ சாம்பல் நிறமாகத் தாவியது, பின்னால் இது. அதுவரை அவர் கேட்டிராத ஒரு குரலில், மணி அடிப்பது போல விட்டு விட்டு, அது கூவிக்கொண்டே ஓடியது. குரல் சின்னதாகி, சின்னதாகி, இல்லாமலே போனது.

அன்று முழுவதும் தேடினார்கள். எலக்ட்ரீஷியன் தன் ஸ்கூட்டரில் டீச்சரை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த சாலையெல்லாம் சுற்றினார். பல்செட்காரர் முள்ளில் நடந்து சட்டையைக் கிழித்துக்கொண்டார். அவசரம், அவசரம் என்று கத்திக் கத்திச் சாயங்காலம் குரலே கட்டிவிட்டது. இப்போது யாரும் வாளியோடு வரவில்லை. தெருவே தேடியது.

கேட் கீப்பர்தான் வழி சொன்னார்.

"சார், இந்த ஜாதி மூக்கால போகும், மூக்காலதான் திரும்பி வரும். எங்க விட்டீங்களோ அங்கயே நீங்க போட்டிருந்த துணி ஒண்ண வச்சுட்டுப் போங்க. தண்ணி வைங்க. விடிஞ்சதும் வந்து சத்தம் போடாம உக்காருங்க. தேடாதீங்க. நீங்க தேடிப் போனா உங்க வாசனையும் சேர்ந்து அலையும்."

பல்செட்காரர் கயிறு கைவிட்டுப் போன இடத்துக்குத் திரும்பிப் போய், சட்டையைக் கழற்றி ஒரு மனைக்கல்லின் மேல் விரித்தார். பனியனோடு வீட்டுக்கு வந்தார்.

ஞாயிறு விடிந்தபோது டீச்சரும் கூடவே கிளம்பினார். அங்கே போய்ச் சேர்ந்ததும் தன் பையிலிருந்து ஒரு பழைய கட்டம் போட்ட சட்டையை எடுத்தார். தம்பி அந்த அறையைக் காலி செய்தபோது விட்டுப் போனது. துவைக்காமலே அலமாரியில் வைத்திருந்திருக்கிறார். இவருடைய சட்டைக்குப் பக்கத்தில் அதையும் விரித்தார். பிறகு இருவரும் கொஞ்சம் தள்ளி, ஒரு மரத்தின் அரை நிழலில் உட்கார்ந்தார்கள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இப்படிச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம் இருவருக்கும் வாய்த்ததில்லை. எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. டீச்சர் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார்.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார் பல்செட்காரர்.

எதை என்று டீச்சர் கேட்கவில்லை.

"உன் தம்பி இல்லாம எத்தனை பேருக்கு நஷ்டம்னு தினமும் காலைல பாத்துட்டு வரேன். அந்தப் பூட்டைத் திறக்கும்போதெல்லாம் என் வாயையே பூட்டியிருக்கலாம்னு தோணுது."

"எத்தனை மாசமா இதை மனசுல வச்சிருக்கீங்க?"

"பதினாறு."

"நானும்தான்" என்றார் டீச்சர். "உங்ககிட்ட நான் கேக்கவும் இல்ல, நீங்க சொல்லவும் இல்ல. ஒரு நாய் காணாமப் போக வேண்டியிருக்கு." சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவனுக்கு எழுதுங்க."

பதினொன்றரை மணிக்குப் புதர் அசைந்தது. அவசரம்தான். ஒரு காலை நொண்டிக்கொண்டு, காது முழுக்க முள்ளோடு, தலையைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டு வந்தது. பல்செட்காரர் எழப் போனார். டீச்சர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். அது முதலில் கட்டம் போட்ட சட்டையை முகர்ந்தது. கையிலிருந்து கை வரைக்கும், காலரை, பையை, ஒரு அங்குலம் விடாமல் முகர்ந்தது. பிறகு இவருடைய சட்டையின் மேல் ஏறி, ஒரு சுற்று சுற்றி, மூச்சை நீளமாக விட்டுப் படுத்துக்கொண்டது.

அவர் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டார். இருபத்தைந்து கிலோ நாயை ரயில்வே கேட் வரைக்கும் தோளில் தூக்கி வந்தார். கேட் கீப்பர், வரப்போகிற வண்டிக்கு ஏழு நிமிஷமே இருந்தும், கேட்டை மூடாமல் இவர்களுக்காக வைத்திருந்தார்.

அன்று மத்தியானமே பல்செட்காரர் எழுத உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் அவர் எழுதியதெல்லாம் டாக்டர்களுக்கு, 'மேல் செட் தயார், கீழ் செட் வியாழன்' என்கிற மாதிரிதான். நாலு தாளைக் கசக்கிப் போட்டார். அஞ்சாவது தாளில் நாய் தொலைந்து கிடைத்த கதையை எழுதினார். கடைசியில் இப்படி முடித்தார்: 'பால் கடையில் உன்னைக் கேட்கிறார்கள். நர்சரியில் கேட்கிறார்கள். ரயில்வே கேட்டில் கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலும் கேட்கிறோம்.' அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரு துறைமுகத்தின் படம் போட்ட தபால் அட்டை. நாயின் பேருக்கு எழுதியிருந்தான். 'மாமாவை ரொம்ப ஓட விடாதே. அவருக்கு அடுத்த பஸ்ஸில் வரத்தான் பிடிக்கும்.' டீச்சர் படித்துவிட்டு உரக்கச் சிரித்தார். பல்செட்காரர் அந்த அட்டையை வேலை மேஜைக்கு மேலே, பல் நிறங்கள் பார்க்கும் பலகைக்குப் பக்கத்தில் செருகி வைத்தார். அதற்குப் பிறகு மாதம் ஒரு கடிதம் எழுதினார். எல்லாம் நாயைப் பற்றித்தான். நகம் வெட்டியது, காதில் சீழ் வைத்து ஆறியது, பாட்டு வாத்தியார் சாதகம் செய்யும்போது கூடச் சேர்ந்து பாடியது.

மூன்று வருஷம் முடிந்து ஒரு நாள், தகவல் சொல்லாமல் மைத்துனன் வந்து நின்றான். வாசலில் டாக்ஸி நின்ற சத்தத்துக்கே அவசரம் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்துவிட்டது. பிறகு நடந்ததை விவரிக்க முடியாது. அது அவனைக் கீழே தள்ளியது, மேலே ஏறியது, அழுதது, வீட்டை மூன்று முறை சுற்றி ஓடிவந்து மறுபடியும் தள்ளியது. அவனும் தரையில் கிடந்தபடியே அழுதான். பல்செட்காரர் கையில் பாதி செட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பாதத்தில் ஏதோ சில்லென்று காற்று பட்ட மாதிரியும் இருந்தது.

"இவளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன் மாமா" என்றான் அவன் சாப்பிடும்போது. "இனிமே கரையிலயே வேலை. துறைமுகப் பட்டறைல. வீடு பாத்தாச்சு."

"உன் நாய்தானே" என்றார் பல்செட்காரர். டீச்சர் அவருக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தார், கேட்காமலே.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மூன்று பேருமாகக் கிளம்பினார்கள், இரண்டு மனிதரும் ஒரு நாயும். மூன்று வருஷக் கப்பல் சாப்பாட்டில் மைத்துனனுக்குத் தொப்பை விழுந்திருந்தது. பால் கடையைத் தொடுவதற்குள் அவனுக்கு நாக்கு தள்ளிவிட்டது.

"மாமா... நில்லுங்க மாமா... என்ன இப்படி ஓடுறீங்க?"

"நானா ஓடுறேன்? அது ஓடுது, நான் கூடப் போறேன்."

பால் கடைக்காரர் அவனைக் கட்டித் தழுவிக்கொண்டார். ஆனால் கேன் இறக்கியது பல்செட்காரர்தான், பேசிக்கொண்டே, பழக்கத்தில். நர்சரிப் பூட்டு இவர் கைக்குச் சட்டென்று திறந்தது. மைத்துனன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தான். ரயில்வே கேட்டில் அவன் அந்தக் கல்லில் உட்கார்ந்தான். பக்கத்தில் இவருக்கும் இடம் விட்டான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்று பல்செட்காரர் தொடங்கினார். மூன்று வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். வாய்க்கு வந்தபோது துண்டு துண்டாகத்தான் வந்தது. "அந்த ஞாயித்துக்கிழமை... சாப்பாட்டு மேஜைல... நான் உன்னை ஒண்ணு கேட்டேன். அது தப்பு."

மைத்துனன் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

"என்ன கேட்டீங்க? எனக்கு ஞாபகமே இல்லையே மாமா."

ஆறு மணி வண்டி வந்தது. அது முழுவதும் போகிற வரைக்கும் இருவராலும் பேச முடியவில்லை. போன பிறகு பேச அவசியமும் இருக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே மறந்துவிட்டதா, இல்லை இவருக்காக மறந்து கொடுத்தானா என்பது பல்செட்காரருக்குக் கடைசி வரை தெரியாது. டீச்சரிடம் கேட்டார். "அவன் மூணாங்கிளாஸ்ல யாரு அடிச்சாங்கன்னுகூட ஞாபகம் வச்சிருக்கிறவன்" என்று சொல்லிவிட்டு அவர் நோட்டுத் திருத்தப் போய்விட்டார்.

நாயை அவன் கூட்டிக்கொண்டுதான் போனான். மூன்று நாள் ஆயிற்று. நாலாவது நாள் காலை ஆறு மணிக்கு, அவசரமும் அதன் பின்னால் மூச்சிரைக்க மைத்துனனும் வாசலில் நின்றார்கள்.

"மூணு நாளா தூங்கவும் இல்ல, சாப்பிடவும் இல்ல. அஞ்சு மணி ஆனா கதவைப் பிறாண்டுது. இன்னிக்குக் கயிறை விட்டேன். நேரா இங்க வந்து நிக்குது. ஏழு கிலோமீட்டர் மாமா! எனக்கு உயிரே போச்சு." அவன் படியில் பொத்தென்று உட்கார்ந்தான். "நீங்களே வச்சுக்கங்க. நான் ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கறேன்."

பல்செட்காரர் உள்ளே போய் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தார். முகத்தை இயல்பாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டார் என்று டீச்சர் பிற்பாடு சொல்வார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம். ஞாயிற்றுக்கிழமை தோறும் மைத்துனன் வந்தான். பிறகு மனைவியோடு வந்தான், பிறகு கைக்குழந்தையோடு. அவசரத்தின் முகத்தில் பழுப்பு நிறம் மெல்ல வெளுத்தது. ஓட்டம் நடையாயிற்று, நடை சுருங்கியது. கேட் வரைக்கும் போனது நர்சரியோடு நின்றது, அப்புறம் பால் கடையோடு. கடைசிக் குளிர்காலத்தில் எதிர்வீட்டுச் செடி வரைக்கும்தான் வரும். அந்தச் செடியைக் கால் மணி நேரம் முகரும். காது மந்தமாகி, கண்ணும் மங்கிவிட்டது. மூக்குக்கு மட்டும் வயசாகவில்லை. இரவு அந்த வழியாக என்னென்ன போயிற்று என்பதையெல்லாம் அது நிதானமாகப் படித்து முடிக்கும்வரை அவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆபீசுக்குப் போகிறவர்கள் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போவார்கள்.

ஒரு மழை நாள் மத்தியானம், சாணை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர் பாதத்தின் மேல் அந்தக் கனம் கொஞ்சம் கூடியது போல இருந்தது. அவர் இயந்திரத்தை நிறுத்தினார். குனிந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் காலை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, "இங்க வா" என்று டீச்சரைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் மைத்துனன் வந்தான். நர்சரிக்கார அம்மா தன் தோட்டத்தில் இடம் கொடுத்தார். குழி தோண்டியதெல்லாம் மைத்துனனும் எலக்ட்ரீஷியனும்தான். பல்செட்காரர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. இனி எழுந்து என்ன செய்வது என்று கண்ணை மூடியபடியே படுத்திருந்தார். கூடத்தில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால், டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து புது ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். விருப்ப ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஷூ எப்போது வாங்கியது என்று இவருக்குத் தெரியாது.

"எழுந்தாச்சு இல்ல? வாங்க, நடக்கலாம்" என்றார்.

தெருமுனை வரைக்கும் இருவரும் நடந்தார்கள். மழை விட்டிருந்தது. அங்கே போய்ப் பல்செட்காரர் நின்றுவிட்டார்.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"நீங்கதானே தினமும் வர்றவரு. சொல்லுங்க."

பன்னிரண்டு வருஷமாக அந்த முனையில் எந்தப் பக்கம் என்று அவர் யோசித்ததே இல்லை. இழுத்துக்கொண்டு போக யாரும் இல்லாமல் இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள். பிறகு எங்கிருந்தோ ரொட்டி வேகும் வாசனை வந்தது. டீச்சர் முகத்தைத் தூக்கி அது வருகிற திசையைப் பார்த்து, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பினார்.